காய்ச்சல் பிள்ளையை வீட்டில் இருக்க விடுங்கள்: கம்பம் பள்ளத்தாக்குப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர், லோயர் கேம்ப், கம்பம், காமயகவுண்டன்பட்டி வட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

காய்ச்சல் அடிக்கிற பிள்ளை பள்ளிக்கு வராமல் வீட்டில் படுத்திருக்க நம் பள்ளிகளில் வழி இல்லை. எப்படியாவது வந்துவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடுதான் எல்லாப் பக்கமும் இருக்கிறது. ஃப்ளூ பரவுவதைப் பற்றி ஆளுக்கொரு அறிவுரை சொல்கிறோம், கை கழுவுங்கள், முகக்கவசம் போடுங்கள் என்று. முதலில் இந்த ஏற்பாட்டை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்காக விடிவதற்கு முன்பே கடை திறந்துவிடும். தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாக இருப்பதும் மழை பிடித்துக்கொள்வதும் நமக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதங்களில்தான். அந்த மாதங்களில் விடியற்காலை இருட்டோடு அதிகம் விற்பது பிள்ளைகளுக்கான பாராசிட்டமால் சிரப். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா தூக்குவாளியைக் கல்லாமேசை மேல் வைத்துவிட்டு, பாட்டிலை அங்கேயே குலுக்கி, மூடியில் ஊற்றி, அக்காக்காரி தோளில் பாதித் தூக்கத்தில் கிடக்கும் பிள்ளையின் வாயைத் திறந்து ஊற்றுவார். "ராத்திரி பூராம் அனலாக் கொதிச்சுச்சுண்ணே. இப்ப ஊத்துனா பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் தாங்குமா?"

தாங்காது. அந்த மருந்து நாலிலிருந்து ஆறு மணி நேரம் காய்ச்சலை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். காலை உணவுப் பந்தியில் உட்காரும், வகுப்பில் நெருக்கியடித்து உட்காரும், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை வாங்கி எழுதும். பதினொரு மணிக்கு மேல் உடம்பு மறுபடி கொதிக்கும்போது டீச்சர் அம்மாவுக்கு போன் போடுவார். அம்மா அந்த நேரம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், வண்டன்மேட்டுக்கோ நெடுங்கண்டத்துக்கோ பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில், ஏலச்செடிக்குள் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பார். பல இடங்களில் டவரே கிடைக்காது. கிடைத்தாலும் ஜீப் சாயங்காலம்தான் மலை இறங்கும். அதுவரைக்கும் பிள்ளை கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்கும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. இரண்டு நாள் நின்றால் ஜீப்பில் அவர் உட்கார்ந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

ஃப்ளூ என்கிற இன்ஃப்ளூயன்ஸாவின் போக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்கப்போவது அதைப் பொறுத்ததுதான். வைரஸ் உள்ளே போன ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாள், காய்ச்சல் திடீரென்று ஏறும். கூடவே வறட்டு இருமல், தொண்டை வலி, தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி. சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரலாம். காய்ச்சல் வெளியில் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. அதனால் முழுசாகத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் அதிகமாகப் பரவுவது காய்ச்சல் கண்ட முதல் மூன்று நாலு நாளில். சின்னப் பிள்ளைகளிடம் ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். நம் பிள்ளைகள் சிரப் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருவது சரியாக அந்த முதல் நாட்களில்தான்.

பல நாடுகளில் பள்ளிகளுக்குச் சொல்லப்படும் விதி எளிமையானது. காய்ச்சல் மருந்து கொடுக்காமலே, காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம் கழிய வேண்டும். அப்புறம்தான் பள்ளி. இதில் "மருந்து கொடுக்காமலே" என்ற பகுதிதான் உயிர். அதை விட்டுவிட்டு வாசலில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு நின்றால், சிரப் நல்ல வேலை செய்கிறது என்பது மட்டும்தான் தெரியவரும்.

இந்த விதியை நம் பள்ளிகளில் யாராலும் கடைப்பிடிக்க முடியாதபடி மூன்று விஷயங்கள் தடுக்கின்றன.

முதலாவது, நூறு சதவீத வருகைக்குப் பரிசு. ஆண்டு விழாவில் மேடையேற்றி எவர்சில்வர் தட்டும் சான்றிதழும் கொடுக்கிறோம். காய்ச்சல் வராத பிள்ளைக்கும் கிடைக்கிறது, காய்ச்சலோடு வந்து வகுப்புக்கே கொடுத்த பிள்ளைக்கும் கிடைக்கிறது. தட்டுக்காக அழுதுகொண்டே பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளை நான் கடையில் பார்க்கிறேன். ஆசிரியர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். காலையில் செயலியில் வருகையை ஏற்றியாக வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். ஆனால் பரிசு நீங்கள் வைத்தது. நீங்களே எடுத்துவிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது, டாக்டர் சீட்டு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் சில பள்ளிகளில் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். 2009இல் எச்1என்1 என்கிற பன்றிக் காய்ச்சல் வந்த காலத்திலிருந்தே மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி மட்டும் இருக்கிறவர்கள் ஏ பிரிவு. அவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை, ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசல்டாமிவிர் மாத்திரையும் தேவையில்லை, வீட்டில் இருக்க வேண்டும், கூட்டத்தில் கலக்கக் கூடாது என்பதுதான் அறிவுரை. நாமோ ஒரு காகிதத்துக்காக அந்தப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய்க்காரர்களும் நிற்கும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அதற்கு அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலியும் போகிறது.

சீட்டு கேட்பதை விட்டுவிட்டு நீங்கள் சீட்டு கொடுங்கள் என்கிறேன். ஒரு துண்டுக் காகிதம் போதும். "இன்னார் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கும்படி பள்ளி சொல்லியிருக்கிறது" என்று நாலு வரி, பள்ளி முத்திரை, தலைமையாசிரியர் கையெழுத்து. தோட்டத்தில் கங்காணியிடம் இந்த அம்மா வாயால் சொன்னால் சாக்காகத் தெரியும். பள்ளி முத்திரையோடு நீட்டினால் அது வேறு. கூலி கிடைக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஜீப்பில் இடம் பறிபோகாமல் இருந்தாலே பாதிப் பேர் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வார்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தப் பெற்றோரில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கங்காணிகளுக்குச் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸ் வரை போகாமலே பேசி முடிக்கக்கூடிய விஷயம் இது.

மூன்றாவது, சோறு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1982இல் சத்துணவு விரிவான காலத்திலிருந்து மதியச் சாப்பாடு பள்ளியில்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த வருடம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நல்ல விஷயம், அதில் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடியுமுன் ஜீப் ஏறுகிற வீட்டில், பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் அந்த நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு யார் பொறுப்பு? காய்ச்சல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம், வெளியில் சொல்லக் கூசும் காரணம். கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது சத்துணவுப் பிள்ளைகளின் பங்கை அரிசியும் பருப்புமாக வீட்டுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் பங்கை அண்ணனோ அக்காவோ தூக்குவாளியில் வாங்கிப் போக விதியில் இடம் இருக்கிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால் மேலாண்மைக் குழு தன் செலவில் ஒரு கஞ்சிக்கு வழி செய்யலாம். நம் ஊரில் அன்னதானத்துக்கு நன்கொடை கேட்டால் கொடுக்காதவர்கள் குறைவு.

சரி, வீட்டில் வைத்தால் யார் பார்த்துக்கொள்வது? அப்பத்தாவோ அம்மாச்சியோதான். எனக்குப் பெரிய கவலையே இங்கேதான் இருக்கிறது.

ஃப்ளூ வந்தால் பத்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்து ஓடும். அதைக் கவனித்துக்கொண்ட எழுபது வயதுக் கிழவிக்கு அது நிமோனியாவாக மாறலாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயது ஆகாதவை, கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் ஃப்ளூ ஆபத்து. உலகம் முழுக்க வருடத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை ஃப்ளூவால் வரும் மூச்சுக் கோளாறில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

பள்ளிக்கும் கிழவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஜப்பானைச் சொல்வேன். அங்கே 1962இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடத் தொடங்கி, 1977இல் கட்டாயமாக்கினார்கள். 1987இல் கட்டாயம் தளர்ந்தது, 1994இல் திட்டமே நின்றது. பிறகு ஆராய்ந்தவர்கள் 2001இல் வெளியிட்ட கணக்கின்படி, பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் குளிர்காலச் சாவு குறைந்திருந்தது. நிறுத்தியதும் மறுபடி கூடியது. குறைந்த சாவுகளில் பெரும்பகுதி முதியவர்களுடையது. ஊசி போட்டது பேரன்களுக்கு, பிழைத்தது தாத்தா பாட்டிகள். கூடலூரில் ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துத் தூங்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள், ஜப்பானில் நடந்தது இங்கே நடக்காது என்று எப்படிச் சொல்வது?

நம் நாட்டில் ஃப்ளூ தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஒரு ஊசி தோட்டத்து ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் வருடாவருடம் போட வேண்டும். எட்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு முதல் தடவை என்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு தவணை. போட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் உடம்பில் பாதுகாப்பு ஏறும். எல்லாரும் போடுங்கள் என்று வியாபாரியான நான் சொன்னால் நன்றாக இருக்காது. வீட்டில் ஒருவருக்குத்தான் வசதிப்படும் என்றால், சர்க்கரையோ மூச்சிரைப்போ உள்ள அந்த அப்பத்தாவுக்கு டாக்டரைக் கேட்டுப் போடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஊசி இல்லாமலும் சிலது செய்யலாம். பிள்ளையை ஜன்னல் ஓரமாகப் படுக்க வையுங்கள், தனி டம்ளர் கொடுங்கள். பாட்டிமார்கள் முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் தங்கள் முகத்தையும் துடைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, துடைத்ததும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பாட்டி பக்கத்தில் உட்காரும்போது முகக்கவசம் போட்டால் நல்லது. போட மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். பேரப்பிள்ளை பள்ளியில் கேட்டுவந்து சொன்னால் கேட்பார்கள்.

பள்ளியை மூடச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2023 மார்ச்சில் புதுச்சேரியில் ஃப்ளூவுக்காக எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் மூடினார்கள். அங்கே அது சரியாக இருந்திருக்கலாம். இங்கே மூடினால் பாதிப் பிள்ளைகள் பாட்டிகளிடம் போவார்கள், மீதிப் பாதி அம்மாவோடு ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போகும். படுதாவை இறக்கிவிட்ட ஜீப்பைவிட ஜன்னல் திறந்த வகுப்பறை எவ்வளவோ மேல்.

ஜீப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு மூன்று வழியாகவும் நம் ஆட்கள் தினமும் கேரளத்துக்கு ஏறி இறங்குகிறார்கள். மழை நாளில் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, ஒருவர் மடியில் ஒருவர் என்கிற மாதிரி உட்கார்ந்து, ஒரே மூச்சுக் காற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் சுவாசித்துப் போகிறார்கள். பின்பக்கப் படுதாவையாவது பாதி தூக்கிக் கட்டச் சொல்லி டிரைவர்களிடம் கேட்கலாம். இருமுகிறவர் முகக்கவசம் போடலாம், இல்லாவிட்டால் துண்டால் வாயை மூடிக்கொள்ளலாம். அவ்வளவுதான் ஆகும், அதற்கு மேல் ஜீப்பில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேரளப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே பிடித்துவிடும். நமக்குப் பெரிய மழை அக்டோபருக்கு மேல்தான். மழையும் குளிரும் வந்தால் எல்லாரும் கதவடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்போம், காய்ச்சலுக்கு அது போதும். வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ் வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா வீடு நம் ஊர்தான், சனி ஞாயிறு என்றால் இறங்கிவிடுவார்கள். ஆக, மலைமேல் இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் காய்ச்சல் ஏறினால் நமக்கு வர நாள் பிடிக்காது. கேரள சுகாதாரத் துறை காய்ச்சல் கணக்கை மாவட்டவாரியாக நாள்தோறும் வெளியிடுகிறது. உங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு ஆசிரியர் வாரத்துக்கு ஒரு தரம் இடுக்கியின் எண்ணைப் பார்த்துச் சொன்னால் போதும், முன்கூட்டியே தயாராகலாம். அங்குள்ள தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களோடு ஒரு வாட்ஸாப் குழுவும் வைத்துக்கொள்ளலாம். கொரோனாவில் குமுளியில் இ-பாஸ் கேட்டு ஆளை நிறுத்தினார்கள், ஃப்ளூவுக்கு யாரும் நிறுத்தப்போவதில்லை.

பள்ளிக்குள் செய்ய வேண்டியது உங்களுக்குத் தெரிந்ததுதான். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் முன்னால் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவ வைப்பது. ஃப்ளூ வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு பட்டால் கரைந்துவிடும். வெறும் தண்ணீரில் நனைத்தால் கை ஈரமாகும், அவ்வளவுதான். என் வேண்டுகோள் சோப்பைப் பற்றியது: கட்டி சோப்பு வைத்தால் இரண்டாம் நாள் காணாமல் போகிறது என்பார்கள். பழைய வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் சோப்புத் தண்ணீரை பாட்டிலில் கரைத்து மூடியில் ஓட்டை போட்டு வையுங்கள். தும்மும்போது உள்ளங்கையைத் தவிர்த்து முழங்கை மடிப்பில் தும்மப் பழக்குங்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்ளும்.

மருந்தைப் பற்றி என் தொழில் சார்ந்து இரண்டு வார்த்தை. "ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் அதில் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். ஃப்ளூ வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. பாராசிட்டமால் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, அண்ணனுக்குக் கொடுத்த அதே ஸ்பூன் கணக்கு தம்பிக்குச் சரிவராது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, மூளையையும் ஈரலையும் பாதிக்கும் அபூர்வமான ஒரு நோய்க்கு அது வழி விடலாம். மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே திரிவதால், இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாமல் இருந்தால் கடைக்கு வராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டில் ஆபத்துப் பட்டியலில் உள்ளவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஓசல்டாமிவிர் தேவைப்பட்டால் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நிலவேம்புக் குடிநீர் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

பிள்ளைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கையில் விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ, காய்ச்சல் விட்டுப்போய் இருமலோடு மறுபடி ஏறினாலோ, காத்திருக்கக் கூடாது. உடனே 108. என்ன செய்வது என்று சந்தேகம் மட்டும் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். இதை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகள் படித்துப் படித்து மனப்பாடம் ஆகி, வீட்டில் பாட்டிக்குச் சொல்லும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வருகைப் பரிசை நிறுத்துவது, ஒரு வாரம் வரையிலான காய்ச்சல் விடுப்புக்குச் சான்று கேட்காமல் இருப்பது, ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ளூரிலேயே இருக்கும் இன்னொருவரின் போன் எண்ணை வாங்கி வைப்பது, காய்ச்சல் கண்ட பிள்ளையை அழைத்துப்போக ஆள் வரும் வரை காற்றோட்டமாகத் தனியே உட்கார ஒரு இடம், பிறகு அந்தச் சீட்டு. தீர்மானப் பதிவேட்டில் இவற்றை ஏற்றினால் மழைக்கு முன்பே வேலை தொடங்கிவிடலாம்.

சீட்டு அச்சடிக்கும் செலவு என்னுடையது. வாசகத்தை உங்கள் ஆசிரியர்களே எழுதித் தரட்டும். தமிழ் படிக்கத் தெரியாத தோட்ட மேனேஜர்களும் இருக்கிறார்கள், அதனால் பின்பக்கத்தில் மலையாளத்திலும் போட வேண்டும். குமுளியில் பள்ளிக்கூடம் முடித்த மருமகள்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடம் கொடுத்து மலையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கூடலூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர்